எரியும் கூரை, எரியும் சுவர்



மைசூர் மைன்ஸில் நம் பாட்டன்மார் மூங்கில் தட்டி வீடுகளில் வாழ்ந்தார்கள். ஒரு வீடு தீப்பிடித்தால் பக்கத்து வீடும் தப்பாது. இது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அது கம்பெனி வீடு. தட்டியை எடுத்துவிட்டுச் சுவர் வைப்பது அவர்கள் கையில் இல்லை. கட்டடம் யாருடையதோ, அவர்தான் அதைச் செய்ய வேண்டும்.

அவர் செய்யாவிட்டால் என்ன ஆகும்? கும்பகோணத்தை நினைத்துப் பாருங்கள். 2004 ஜூலை 16. காசிராமன் தெருவில் ஒரு பள்ளிக்கூடம். மதிய உணவு சமைக்கும் இடத்தில் தீப்பிடித்தது. தீ கீற்றுக்குத் தாவியது. மாடி வகுப்புக்கும் கீற்றுக் கூரைதான். அதன் கீழே சின்னஞ்சிறு பிள்ளைகள். இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. எரிந்த கூரை பிள்ளைகள் மேல் விழுந்தது. 94 பிள்ளைகள் இறந்தார்கள். 2014-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் பள்ளி நிறுவனரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. கூரைக்கு அடியில் அடுப்பு எரிவதை அதற்கு முன்பே யாராவது கேட்டிருந்தால்?

கீற்று எரியும் என்று எல்லோருக்கும் தெரியும். பளபளக்கும் தகடு எரியுமா? எரியும்.

லண்டன் நகரில் கிரென்ஃபெல் டவர் என்று 24 மாடிக் கட்டடம். அதன் வெளிச்சுவரில் அழகுத் தகடு பொருத்தினார்கள். மேலும் கீழும் மெல்லிய அலுமினியம். நடுவில் பிளாஸ்டிக். 2017 ஜூன் 14. நாலாவது மாடியில் ஒரு ஃபிரிட்ஜில் தீப்பிடித்தது. அது ஜன்னல் வழியே வெளியே வந்தது. தகட்டைப் பற்றிக்கொண்டு உச்சி வரை ஏறியது. 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரின் ஆபத்தையும் கட்டடப் பொறுப்பாளரே கண்டறிய வேண்டும் என்று 2021-இல் இங்கிலாந்தில் சட்டம் தெளிவாக்கியது.

அப்படியானால் கட்டட உரிமையாளர் என்ன செய்ய வேண்டும்?

கூரையும் சுவரும் எதனால் ஆனவை என்று கேட்டு அறிய வேண்டும். தகடு வாங்கும்போதே, நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். எரியும் பொருள் என்றால் மாற்ற வேண்டும். அடுப்பையும் மின்கம்பியையும் அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. வெளியேற இரண்டு வழி வேண்டும். படிக்கட்டில் மூட்டை அடுக்கக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்? பிள்ளையைப் பள்ளியிலோ டியூஷனிலோ சேர்க்கும்போது மேலே பாருங்கள். சுவரைத் தட்டிப் பாருங்கள். படிக்கட்டைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். பதில் வராவிட்டால் மனு எழுதுங்கள். நாலு வரி போதும். கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். நாம் எழுதக் கற்றது இதற்கும்தான்.

தீப்பிடித்தால் 101 அல்லது 112 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். இந்த எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.