வீட்டுக் காவலும் பிறர் கண்ணும்



வாயிலிற் கமரா பொருத்துவதை நாம் குறை கூற வரவில்லை. முதியோர் தனித்திருக்கும் வீட்டிற்கும், நீரிறைக்கும் இயந்திரம் களவுபோகும் தோட்டத்திற்கும் அது காவலே. நாம் கேட்பது வேறு. அது கண்ட காட்சி எங்கே சென்று சேருகிறது? அதன் திறவுகோல் யார் கையில் இருக்கிறது?

'முகில்' என்று அழகாகப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். வானத்து முகிலாவது நம் வயலுக்கு மழை தரும். இம்முகிலோ எங்கோ ஒரு கம்பெனியின் கட்டடத்தில் அடுக்கி வைத்த கணினிகளேயன்றி வேறில்லை.

அமெரிக்காவிலே, 2018இல் அமேசன் வாங்கிய ரிங் என்னும் கமராக் கம்பெனியின் கதையைக் கேளுங்கள். 2023 மே மாதத்தில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு அதன்மீது வழக்கிட்டது. 2017 நடுப்பகுதி வரை, ஊழியர் அனைவருக்கும், உக்ரேனில் இருந்த நூற்றுக்கணக்கான ஒப்பந்தக்காரருக்கும், வாடிக்கையாளரின் காட்சிகள் யாவும் திறந்தே கிடந்தன என்பது முறைப்பாடு. ஓர் ஊழியர் மாதக்கணக்கில், குறைந்தது 81 பெண்களின் ஆயிரக்கணக்கான காட்சிகளைப் பார்த்தாராம். படுக்கையறை, குளியலறை என்று பெயரிட்ட கமராக்களைத் தேடித் தேடிப் பார்த்தாராம்! உடன் பணியாற்றிய பெண்ணொருவர் முறையிட்டபோது, பொறியியலாளர் இத்தனை கணக்குகளைப் பார்ப்பது வழமைதான் என்று மேலதிகாரி முதலில் தட்டிக்கழித்தாராம். காவலுக்கு வைத்தவனைக் காவல் செய்ய ஆளில்லை.

வெளியாரும் புகுந்தனர். 2019 ஜனவரி முதல் 2020 மார்ச் வரை ஏறத்தாழ 55,000 பேரின் கணக்குகள் ஊடுருவப்பட்டன. வேறிடங்களிற் களவுபோன கடவுச்சொற்களே பல வீடுகளுக்குத் திறப்பாயின. கமராவின் ஒலிபெருக்கி வழியே பேசிக் குழந்தைகளை வைதனர், முதியோரை வெருட்டினர். சட்டத்தை மீறவில்லை என்று மறுத்த கம்பெனி, 58 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது.

காட்சிகளை வீட்டிலுள்ள பதிவுப் பெட்டியிலேயே சேமியுங்கள் என்கிறோம். பெட்டியையே கள்வன் தூக்கிச் சென்றால் என்ன செய்வது என்று சட்டத்தரணி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனை உள்ளறை அலுமாரியிற் பூட்டி வைக்கலாம். முகிலே வேண்டுமென்போர், கம்பெனியாலும் திறக்கவியலாதபடி மறையாக்கம் செய்து, திறவுகோலைத் தம்மிடமே விடும் சேவையைக் கேட்டு வாங்கட்டும். கடவுச்சொல்லோடு கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டாம் இலக்கத்தையும் கேட்கும்படி அமைக்கட்டும்.

படுக்கையறைக்குக் கமரா வேண்டவே வேண்டாம். வாயிலிற் பொருத்துவதையும் படலையை நோக்கியே திருப்பி வையுங்கள். அயல்வீட்டுக் கிணற்றடி அதிற் படலாகாது. அங்கே குளிப்பவர் நம் கமராவுக்கு உடன்பட்டவரல்லர்.