பதக்கத்துக்குப் பல தலை, பழிக்கு ஒரே தலை

ஊக்கமருந்தில் சிக்கும் வீரரை மட்டும் தண்டிக்கும் வழக்கம் விளையாட்டைக் காக்கிறதா, கெடுக்கிறதா என்பது இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. கெடுக்கிறது என்பதே இந்த அணியின் கட்சி.

சித்தன்னவாசலில் இந்த வழக்கைப் பேசுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. மேலே ஏழடிப்பட்டத்தில், சமணத் துறவிகளின் கற்படுக்கையில், ஏறத்தாழ 2,000 ஆண்டுக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்து உண்டு. படுக்கை யாருக்கு என்பதோடு, யார் செய்து கொடுத்தது என்பதையும் அது சொல்கிறது. கீழே அறிவர் கோயிலில் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, திருப்பணி செய்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று பேர் சொல்கிறது. விளையாட்டுச் சங்கங்களும் பேர் போடுவதில் குறைந்தவை அல்ல. பதக்கம் வந்தால் தலைவர், செயலாளர், பொருளாளர், அவர்களுக்கு மாலை போட்டவர் வரை படத்தில் இருப்பார்கள். சிறுநீர்ச் சோதனையில் தவறினால் மட்டும் படத்தில் ஒரே ஆள்தான்.

பக்கத்து மாவட்டத்துக் கதையையே எடுத்துக்கொள்ளலாம். திருச்சியை அடுத்த முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரல் 22, தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டி. 30 வயதில், 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம். ஊரே கொண்டாடியது, கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பரிசுத்தொகை அறிவித்தன. அடுத்த மாதமே செய்தி வந்தது: மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து. தங்கம் போனது. 2023 மே வரை நான்கு ஆண்டுத் தடை.

எதிரணி இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். ஆனால் இந்த வழக்கில் இன்னொரு தேதி இருக்கிறது. கோமதியின் மாதிரி முதலில் எடுக்கப்பட்டது தோஹாவில் அல்ல, மார்ச் 18 அன்று பாட்டியாலாவில், ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில். ஏப்ரல் 13 அன்று அதே பாட்டியாலாவில் மறுபடியும் எடுத்தார்கள். இரண்டிலும் மருந்து இருந்தது. முதல் மாதிரிக்கும் தோஹா ஓட்டத்துக்கும் நடுவே 35 நாள். அந்த 35 நாளில் ஆய்வக முடிவு தடகளச் சம்மேளனத்தின் மேசைக்கு வந்து சேரவில்லை. முன்பே தெரிந்திருந்தால் அழைத்துப் போயிருக்கவே மாட்டோம் என்று சம்மேளனம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பக்கம் கையைக் காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லியிலுள்ள தேசிய ஆய்வகத்தின் அங்கீகாரத்தையே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை நிறுத்திவைத்தது. அது திரும்பக் கிடைக்க 2021 டிசம்பர் ஆயிற்று. கோமதி செய்தது குற்றம் என்றே வைத்துக்கொள்வோம். முடிவு வருவதற்கு முன்பே ஒருவரை விமானம் ஏற்றி, நாட்டின் சட்டையைப் போட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் ஓடவிட்டதற்கு என்ன பேர்?

அதே 2019இல் இன்னொரு கதை நடந்தது. கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவிடம் பிப்ரவரி 22 அன்று இந்தூரில் மாதிரி எடுத்தார்கள். இருமல் மருந்துகளில் கலந்திருக்கும் டெர்புடலின் அதில் இருந்தது. அது நான்ட்ரோலோன் அல்ல, தெரியாமல் உட்கொண்டதாக ஏற்கப்பட்டது, தண்டனை குறைந்தது நியாயமே. கவனிக்க வேண்டியது தேதிகளை. கிரிக்கெட் வாரியம் தடையை அறிவித்தது ஜூலை 30. எட்டு மாதத் தடை முன்தேதியிட்டு மார்ச் 16 அன்று தொடங்கியதாகக் கணக்கு. அந்த இடைவெளியில்தான் அவர் ஐபிஎல் ஆடி முடித்திருந்தார்! தடை நடக்கும்போதே ஆட்டமும் நடந்த அதிசயம் அது. சோதித்தது வாரியம், விசாரித்தது வாரியம், தீர்ப்பும் வாரியம். தேசிய முகமையின் சோதனைக்கு உட்பட மாட்டோம் என்று பல ஆண்டு பிடிவாதம் பிடித்த அதே வாரியம், அந்தச் செய்தி வெடித்த பத்தே நாளில், ஆகஸ்ட் 9 அன்று, சரி என்று தலையாட்டியது. தலைமையை நோக்கிக் கேள்வி திரும்பினால் எவ்வளவு சீக்கிரம் காரியம் நடக்கிறது பாருங்கள்.

"உடம்புக்குள் போவதற்கு உடம்புக்காரரே பொறுப்பு, அதுதானே உலக விதி?" என்பார்கள். ஆமாம், விதிதான். அதைத் தூக்கி எறியச் சொல்லி இந்த அணி கேட்கவில்லை. அந்த விதி இல்லாவிட்டால் சிக்குகிற ஒவ்வொருவரும் யாரோ பாலில் கலந்துவிட்டார்கள் என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். ஆனால் அதே விதித்தொகுப்பில், மருந்து கொடுத்தவரையும் உடந்தையாக நின்றவரையும் மறைத்தவரையும் தண்டிக்கவும் பிரிவு இருக்கிறது. புத்தகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, அடுத்த பக்கத்தை ஒட்டிவைத்திருப்பதுதான் வழக்கு.

2011ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டு காமன்வெல்த்திலும் ஆசியப் போட்டியிலும் தங்கம் வென்ற 4×400 தொடர் ஓட்டப் பெண்கள். அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர், சினி ஜோஸ் என்று ஒரே முகாமிலிருந்து ஆறு பேர் சிக்கினார்கள். பயிற்சியாளர் யூரி ஓகோரோத்னிக் தந்த ஜின்செங்கில்தான் மருந்து கலந்திருந்தது என்றார்கள். அன்றைய விளையாட்டு அமைச்சர் அஜய் மாக்கன் பயிற்சியாளரை நீக்கினார். பெண்களுக்கு இங்கே ஓர் ஆண்டுத் தடை. சர்வதேச நடுவர் மன்றம் அதை இரண்டாக்கியது. ஒரே முகாமில் ஆறு பேர் என்றால் அது ஆறு தனிமனிதர்களின் சபலமா, ஒரு முகாமின் நடைமுறையா? முகாமை நடத்தியவர்களில் எத்தனை பேர் இரண்டு ஆண்டு வீட்டில் உட்கார்ந்தார்கள்?

பளுதூக்கலில் இன்னும் வேடிக்கை. 2009இல் இந்திய வீரர்கள் ஆறு பேர் சிக்கினார்கள். சங்கத்துக்கு உலகச் சம்மேளனம் 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அடுத்த ஆண்டு டெல்லியில் காமன்வெல்த் போட்டி. கட்டாவிட்டால் சொந்த மண்ணில் மேடை ஏற முடியாது. பெரும்பகுதிப் பணத்தைப் போட்டி அமைப்புக்குழுவே தந்து உதவியது. தப்பு சங்கத்துடையது, தண்டம் பொதுப்பணத்தில்.

அப்படி அபராதம் வாங்கிய உலகச் சம்மேளனத்தின் யோக்கியதை என்ன? அதன் தலைவர் தமாஷ் அயான், பேருக்கேற்ற ஆள்தான். 1976இல் பொதுச்செயலாளராக வந்து, 2000 முதல் 2020 வரை தலைவராக இருந்தவர். 2020இல் ரிச்சர்ட் மெக்லாரன் விசாரித்துத் தந்த அறிக்கையில், ஒரு கோடி டாலருக்கும் மேல் பணத்துக்குக் கணக்கில்லை, 40 சோதனை முடிவுகள் மறைக்கப்பட்டிருந்தன என்று வந்தது. 2022இல் அவருக்கு ஆயுள் தடை. தடகளத்தின் முன்னாள் உலகத் தலைவர் லாமின் டியாக், ரஷ்ய வீரர்களின் முடிவுகளை மூடி மறைக்கப் பணம் பெற்ற வழக்கில் 2020 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். கோமதியின் மாதிரியைத் தேடிப் பிடித்த அதே விளையாட்டின் உச்சியில் அவர் 16 ஆண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரணி அமெரிக்காவை உதாரணம் காட்டக்கூடும் என்பதால் பேஸ்பாலையும் பார்த்துவிடலாம். 1991இலேயே அங்கே ஆணையராக இருந்த ஃபே வின்சென்ட், ஸ்டீராய்டு கூடாது என்று எல்லா அணிகளுக்கும் குறிப்பு அனுப்பினார். குறிப்பு போனது, சோதனை வரவில்லை. 1994இல் வேலைநிறுத்தத்தால் இறுதித் தொடரே நடக்கவில்லை, ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள். 1998இல் மார்க் மெக்வையர் 70, சாமி சோசா 66 என்று ஹோம் ரன்களாக விளாசியதும் அரங்கம் நிரம்பியது. மெக்வையரின் அலமாரியில் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் புட்டியை ஒரு நிருபர் பார்த்து எழுதினார். ஒலிம்பிக்கில் தடையான பொருள் பேஸ்பாலில் அன்று தடையில்லை. கல்லாப்பெட்டி நிரம்பும்போது புட்டியைப் பற்றி யார் கேட்பார்கள்? பேர் வெளியிடாத சோதனை வந்ததே 2003இல், தண்டனை 2004இல். வீரர் சங்கமும் சோதனையை எதிர்த்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2007 டிசம்பரில் ஜார்ஜ் மிட்செல் 409 பக்க அறிக்கை தந்தார். 89 வீரர்களின் பேர் அதில் வந்தது. ஆணையர்கள் தொடங்கி எல்லாருக்கும் பொறுப்பில் பங்குண்டு என்று அவரே எழுதினார். பங்கு எப்படிப் பிரிந்தது? 762 ஹோம் ரன் அடித்த பேரி பாண்ட்ஸுக்குப் பத்து முறை வாக்கெடுப்பு நடந்தும் புகழ்மண்டபக் கதவு திறக்கவில்லை. அந்தக் காலம் முழுக்க ஆணையராக இருந்த பட் செலிக் 2017இல் அதே மண்டபத்துக்குள் மாலை மரியாதையோடு போனார்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சங்கம் கைவிடுவது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தக்குறிச்சி சாந்தி சவுந்தரராஜன் வழக்கு மருந்து வழக்கு அல்ல, பாலினச் சோதனை வழக்கு. 2006, அதே தோஹா, அதே 800 மீட்டர். வெள்ளியைப் பறித்தார்கள். அவரை அழைத்துப் போனவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பிறகு அவர் செங்கல் சூளையில் கூலி வேலைக்குப் போனார்.

தனிமனிதத் தண்டனை பயமுறுத்தித் திருத்தும் என்பது எதிரணியின் கடைசி வாதம். திருத்தியிருக்கிறதா? 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதிக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். அவரே ஓடி, அவரே ஜெயித்தார். அங்கேயே வேறொரு ஓட்டத்தில் ஒரு பெண் எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓட, அதிகாரி பின்னாலேயே ஓடினார். கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. சிரிப்பு வருகிறது; ஆனால் உலக முகமையின் அதே ஆண்டுக் கணக்கு சிரிப்பதற்கில்லை. இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213இல் மருந்து, அதாவது 3.8 சதவீதம். 5,000க்கு மேல் சோதித்த நாடுகளில் இதுவே அதிகம். பயம் இருக்கிறது, நடுவர் அவர்களே. சோதனை அதிகாரியைக் கண்டு ஓடுகிற பயம். அந்தப் பிள்ளைகளுக்கு ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு அந்தப் பயமும் இல்லை, ஓடவேண்டிய அவசியமும் இல்லை.

சங்கத்தையே மொத்தமாகத் தடை செய்தால் சுத்தமான வீரர்களும் அழிவார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. 2015 முதல் 2023 வரை ரஷ்யத் தடகளச் சங்கம் விலக்கப்பட்டபோது அதுதான் நடந்தது. அதனால் சங்கத்தைப் பூட்டச் சொல்லவில்லை. கையெழுத்திடுகிறவரைக் கூண்டில் ஏற்றச் சொல்கிறோம். 2030இல் காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வருகிறது. அந்த அணிப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி, பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் கடைசிச் சோதனை முடிவையும் பார்த்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதன்பிறகும் யாராவது சிக்கினால், விசாரணைக் குழுவின் முன்னால் இரண்டு நாற்காலியாகப் போடச் சொல்லிவிடலாம்.