விரைவும் விளக்கமும்

2014 மே திங்கள். முல்லைப் பெரியாறு தீர்ப்பு வந்த வேளை. கம்பத்துப் படிப்பகத்தில் ஒருவர் ஏடு படித்தார். விரைவோ விரைவு, முல்லையாறு தோற்றது! “142 அடி!” என முழங்கினார். “152 என்னவாயிற்று?” என்றார் முதிய உழவர். விழித்தார் நம்மவர்.

எழுத்தெழுத்தாய் ஊர்பவர் முடிவை எட்டுமுன் முதலை மறப்பார். ஓடுபவரோ எண்ணை விழுங்குவார். 1979இல் 136 ஆகக் குறைத்ததும், 2006இல் உச்சநீதிமன்றம் 142 என்றதும், கேரளம் சட்டமியற்றித் தடுத்ததும், அச்சட்டம் 2014இல் வீழ்ந்ததும் அறிந்த கண்ணுக்கு அப்பத்தி ஒரே பார்வையில் விளங்கும். முன்னறிவே வேகம்!

கேள்வியோடு ஏட்டைத் திறவுங்கள். சொற்களைக் கொத்தாகப் பற்றுங்கள். உதடசையப் படிப்பது கண்ணுக்குத் தளை. மேடைக்காரனான எனக்கும் அந்நோய் உண்டு. எண் வந்தால் நில்லுங்கள்.

பேபி அணையை வலுப்படுத்திய பின்னரே 152 என்னும் விடை, அவர் தாண்டிய வரியிலேதான் கிடந்தது.