பொருளின் அழகும் உள்ளத்தின் ஆசையும்

(கோலா தெர்லா ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆசையைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்தனர். ஆலய மேடையில் இப்பொருளைப் பேசுவோர் "ஆசையை விடுங்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். கேட்போர் தலையசைத்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் கைத்தொலைபேசிக் கடைக் கண்ணாடியின் முன் சற்று நின்று பார்ப்பதும் வழக்கமே. அப்படி நிற்பது பெருங்குற்றம் என்று கூற நான் வரவில்லை. அழகிய பொருளைக் கண்டால் கண் மகிழ்வது இயல்பு. அம்மகிழ்ச்சிக்கு எல்லை எது என்பதே நாம் இன்று சிந்திக்க வேண்டியதாகும்.

திருவள்ளுவப் பெருந்தகை இதற்கு வகுத்திருக்கும் முறையைக் கவனியுங்கள். "அவா அறுத்தல்" என்னும் அதிகாரத்தை அவர் முப்பத்தேழாவதாக, துறவறவியலில் வைத்திருக்கிறார். இல்லறத்தாராகிய நமக்கு அவர் வைத்தது "வெஃகாமை" என்னும் பதினெட்டாம் அதிகாரம். பிறர் பொருளை விரும்பாதிருத்தல் என்பது அதன் பொருள். அதற்கு முன்னே நிற்பது "அழுக்காறாமை", அதாவது பொறாமை கொள்ளாமை. அண்டை வீட்டுக்காரனிடம் உள்ளதைக் கண்டு மனம் புழுங்குவது முதற்படி. அதன் பின்னே பிறர் பொருளின் மேல் விருப்பம் எழுகிறது. அவாவை முற்றும் அறுத்தல் துறவியின் கடமை. நல்ல உடை உடுத்தவோ, நல்ல வீட்டில் வாழவோ இல்லறத்தானுக்குத் தடையில்லை. தனக்கு உரியது எது, பிறர்க்கு உரியது எது என்ற தெளிவுதான் அவனிடம் வேண்டப்படுகிறது.

பழனியம்பதியில் முருகப் பெருமான் கோவணம் தரித்த ஆண்டியாகக் காட்சி தருகிறார். அதே பெருமானுக்கே இராஜ அலங்காரமும் செய்கிறோம். ஆண்டிக் கோலத்தால் அவர் பெருமை குறையவில்லை. அரச கோலத்தால் கூடவுமில்லை. அலங்காரம் கண்டு மகிழ்வோர் நாம். அலங்காரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாது நிற்பவர் அவர். பொருளோடு நாம் வைத்துக்கொள்ள வேண்டிய உறவை இவ்விரு கோலங்களும் அமைதியாக உணர்த்துகின்றன.

இவ்விடத்தில், நம் கேமரன் மலையோடு தொடர்புடைய ஒருவரின் வரலாற்றை நினைவுகூர விரும்புகிறேன். 1906-இல் பிறந்த ஜிம் தோம்சன் என்ற அமெரிக்கர் கட்டடக் கலை பயின்றவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த வேளையில் பாங்காக் நகருக்கு வந்து அங்கேயே தங்கினார். நலிந்து கிடந்த தாய்லாந்துக் கைத்தறிப் பட்டை உலகறியச் செய்தவர் அவர். 1951-இல் நியூயார்க்கில் அரங்கேறிய "தி கிங் அண்ட் ஐ" என்ற புகழ்பெற்ற இசை நாடகத்தின் ஆடைகளில் அவருடைய பட்டு மின்னியது. பழைய தேக்கு வீடுகள் ஆறினைப் பிரித்துக் கொணர்ந்து, ஒன்றாக இணைத்து, 1959-இல் கால்வாய்க் கரையில் தமக்கொரு இல்லம் அமைத்தார். அதனுள் பழம்பெரும் சிலைகளும் ஓவியங்களும் பீங்கான் கலங்களும் நிறைந்திருந்தன. அழகிய பொருளைச் சேர்ப்பதில் அவருக்கு இணையானோர் சிலரே.

அவரிடம் போற்றத்தக்க பண்பு ஒன்று இருந்தது. பட்டின் அழகை மட்டும் விரும்பாமல், அதை நெய்த கைகளையும் அவர் அறிந்திருந்தார். கால்வாய்க்கு மறுகரையில்தான் பான் குருவா என்னும் நெசவாளர் குடியிருப்பு இருந்தது. அவருடைய முயற்சியால் அங்கிருந்த தறிகள் மீண்டும் ஓடின. ஒரு பொருளின் அருமையை அறிந்து நேசிப்பவன் பிறரையும் வாழ வைக்கிறான் என்பதற்கு இது சான்று.

எனினும், சேர்த்த பொருள் அவருக்கு மனத்துயரும் தந்தது. அவரிடமிருந்த பழங்காலக் கற்சிலைத் தலைகள் ஐந்தினை, அவை நாட்டின் தொல்பொருட் செல்வம் என்று கூறி, 1962-இல் தாய்லாந்து அரசின் நுண்கலைத் துறை எடுத்துக்கொண்டது. மனம் புண்பட்ட அவர் தம் உயிலையே மாற்றி எழுதினார். தம்முடையது என்று எண்ணியிருந்தது தம்முடையதன்று என்ற செய்தி எவரையும் சுடும்.

பின்னர் 1967-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தானா ராத்தாவுக்கு அருகே நண்பர்களின் மூன்லைட் மாளிகையில் விருந்தினராக இருந்தபோது அவர் வெளியே நடந்து சென்றார். திரும்பவே இல்லை. இராணுவத்தினரும் காவல் துறையினரும் காட்டை அறிந்த பூர்வகுடி மக்களும் தேடினர். ஒரு தடயமும் கிட்டவில்லை. 1974-இல் அவர் இறந்தவராகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டார். அந்த இல்லம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. நுழைவுச் சீட்டு வாங்கிய எவரும் அப்பொருள்களைக் கண்டு மகிழலாம். உடைமை என்பது சிறிது காலக் காவல். கண்டு மகிழ்தல் யாவர்க்கும் பொது. நம் மலையில் மறைந்த மனிதரின் வாழ்க்கை நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே எனலாம்.

பெரியோர்களே, அவர் சேர்த்தவை அவர் பணம் கொடுத்து வாங்கியவை. நாம் இன்று ஆசைப்பட்டு வாங்குபவற்றுள் எத்தனை நம்முடையவை? வாடகைக் கொள்முதல் என்னும் முறையில் கார் வாங்குகிறோம். மாலையிட்டு, எலுமிச்சை நசுக்கி, பூசை போட்டு "என் கார்" என்கிறோம். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, இறுதித் தவணை செலுத்தும் வரை அதன் உரிமையாளர் கடன் கொடுத்த நிறுவனமே. நாம் அதனை வாடகைக்கு ஓட்டுபவர். தொடர்ந்து இரு தவணைகள் தவறினால், சட்டம் கூறும் முன்னறிவிப்பைக் கொடுத்துவிட்டு அவர்கள் வண்டியை மீட்டுக்கொள்ள வழியுண்டு. அப்படியாயின், தகுதிக்கு மீறித் தவணையில் வாங்கும் ஆடம்பரப் பொருள் வள்ளுவர் கூறிய "பிறர் பொருள்" அன்றோ? பல நூற்றாண்டுகளுக்கு முந்திய அறமும் நம் நாட்டுச் சட்டமும் இவ்விடத்தில் ஒன்றாகவே பேசுகின்றன.

ஒரு சிறு கணக்கைக் கூறுகிறேன். ஒருவர் 60,000 வெள்ளி கடன் பெற்று ஒன்பது ஆண்டுகளில் செலுத்த ஒப்புக்கொள்கிறார். ஆண்டு வட்டி 3.5 விழுக்காடு, கேட்பதற்குச் சிறிய எண். நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கி வந்த நிலை வட்டிக் கணக்கின்படி, ஒன்பது ஆண்டுகளுக்கும் முழுத் தொகையின் மீதே வட்டி கணிக்கப்படும். வட்டி மட்டும் 18,900 வெள்ளி. மொத்தம் 78,900 வெள்ளி. மாதத் தவணை ஏறத்தாழ 730 வெள்ளி. முக்காற் பங்குக் கடனை அடைத்த பின்னரும் வட்டி முதல் ஆண்டில் கணித்த அதே வட்டிதான். காரின் மதிப்போ ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வரும். வேலைக்கும் குடும்பத்துக்கும் வண்டி தேவையென்றால் இச்செலவு தகும். பக்கத்து வீட்டார் பார்த்து வியப்பதற்காக என்றால், அவர்கள் ஒரு வாரம் வியப்பார்கள். நாம் நூற்றெட்டு மாதம் கட்டுவோம்.

நான் அறிந்த ஓர் இளைஞர். எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி. தந்தையைப் பிணை நிற்க வைத்து, நண்பர்களிடம் இருந்ததைப் போன்றதொரு மோட்டார் சைக்கிளைத் தவணையில் வாங்கினார். சில மாதங்களில் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்தது. படிக்கப் போனால் தவணைக்குப் பணமில்லை; ஆகவே காய்கறித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மழைக்காலத்தில் வேலை குறைந்தது, தவணை தவறியது, வண்டி போயிற்று. அடுத்த ஆண்டு கல்லூரியில் அந்த இடமும் இல்லை. தந்தை மட்டும் இன்றும் எஞ்சிய கடனைக் கட்டி வருகிறார். அப்பிள்ளை தீயவன் அல்லன், குடிப்பழக்கமும் இல்லாதவன். ஒரு பொருளின் மேல் கொண்ட விருப்பம் ஒரு கல்வியை விழுங்கிவிட்டது. நம் சமூகத்தில் இத்தகைய இழப்புகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இன்றோ கடைக்குச் செல்லவும் தேவையில்லை. "இப்போது வாங்கு, பிறகு செலுத்து" என்று கைத்தொலைபேசியே அழைக்கிறது. காலணி ஒன்றை மூன்று தவணைகளில் வாங்கலாம். இத்தகைய கடன்களையும் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவரவே நம் நாடாளுமன்றம் 2025-இல் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் சட்டம் கடன் கொடுப்பவரைத்தான் கட்டுப்படுத்தும். விரலைக் கட்டுப்படுத்த வேண்டியவர் நாமே.

அரசுப் பணியாளன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். அரசாங்க அதிகாரிகளின் நடத்தை பற்றிய 1993-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, வருவாய்க்கு மீறிய வாழ்க்கை நடத்தும் அதிகாரியிடம் விளக்கம் கேட்கலாம். கடுமையான கடனில் சிக்குவதும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியதே. கடனில் மூழ்கியவனின் கை, கையூட்டை நோக்கி நீளக்கூடும் என்ற அச்சமே இவ்விதிகளின் அடிப்படை. நம் வீட்டுக்கும் இத்தகைய விதி ஒன்று வேண்டும். புதிய பொருள் வீட்டுக்கு வரும்போது, "இது எங்கிருந்து வந்தது? பணம் எப்படி வந்தது?" என்று தாயோ தந்தையோ அன்போடு கேட்கும் வழக்கம் இருந்தால் போதும்.

நம் மலைச்சரிவுகளில் முட்டைக்கோசும் தக்காளியும் சுமந்து சேற்றில் ஏறி இறங்கும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். நகரத்துச் செல்வர்கள் இதே பழைய வண்டிகளைத் தேடி வாங்கி, வண்ணம் பூசி, காட்சிக்கு நிறுத்துகிறார்கள். நமக்கு அது கதவு சரியாக மூடாத சுமை வண்டி. அவர்களுக்கு அது நாகரிகச் சின்னம். பொருள் ஒன்றே, பார்க்கும் மனங்கள் வேறு. ஆகவே நாகரிகம் என்பது பொருளுக்குள் இருக்கும் குணமன்று. பிறர் கண்கள் அதற்குச் சூட்டும் பெயரே. அப்பெயர் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதைத் துரத்துபவன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தேயிலைத் தோட்டத்தில் உழைத்த என் தந்தையாரிடம் கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. ஓராண்டு காலம் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கியது. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மட்டுமே கட்டுவார். கட்டுமுன் துணியால் துடைத்துக் காதருகே வைத்துக் கேட்பார். அவர் முகத்தில் அப்போது தோன்றிய மகிழ்ச்சியை உலகாசை என்று யாரும் இகழ முடியாது. காத்திருந்த ஓராண்டும் அந்த மகிழ்ச்சியின் ஒரு பகுதியே. தவணை முறை நமக்குப் பொருளை விரைவில் தருகிறது. காத்திருத்தலின் சுவையை எடுத்துக்கொண்டுவிடுகிறது.

நிறைவாக, உங்கள் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். விரும்பிய பொருளை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் சேமித்துப் பாருங்கள். அதன் பின்னும் விருப்பம் இருந்தால் வாங்குங்கள், மனநிறைவோடு அனுபவியுங்கள். பிள்ளைகளின் கல்விக்கென ஒதுக்கிய பணத்தைத் திருமண ஆடம்பரத்துக்குத் தொடாதீர்கள். ஏற்கெனவே கடனில் இருப்போர் வெட்கப்பட்டு மறைத்து, வட்டி முதலைகளிடம் செல்ல வேண்டா. 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிர்வாக முகவை கட்டணமின்றி வழிகாட்டுகிறது. படிவம் நிரப்பத் தெரியாதோர்க்கு நம் ஆலயத்துப் படித்த இளைஞர்கள் உதவினால், அதுவும் இறைபணியே.

கண்ணுக்கு அழகானதைக் கண்டு மகிழ்வோம். உழைப்பால் வந்ததை நிறைவோடு அனுபவிப்போம். பிறர்க்குரியதை நமதென்று எண்ணாதிருப்போம். இம்மலைவாழ் மக்கள் அனைவரும் கடனற்ற உறக்கமும் கவலையற்ற விடியலும் பெற இறைவன் அருள் புரிவானாக.