ஊதச் சொன்னால்...

ராத்திரி நேரம். வண்டியை ஓரங்கட்டச் சொன்ன போலீஸ்காரர், கருவியில் புதுக் குழாயைச் செருகி நீட்டுகிறார்: "ஊதுங்க சார்!"

100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு பாயும். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை; இரண்டில் ஒன்றோ இரண்டுமோ. மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், இரண்டு வருஷம் வரை உள்ளே.

ஊத மறுத்தால்? தகுந்த காரணமில்லாத மறுப்பையே கோர்ட்டில் உங்களுக்கு எதிராகச் சொல்லலாம் என்கிறது சட்டம். கெட்டிக்காரத்தனம் பலிக்காது!

"நான் சும்மா பின்னாலதானே உட்கார்ந்து வந்தேன்" என்பதும் எடுபடாது. குடித்தவர் ஓட்டும் வண்டியில் கூட வருபவருக்கும் அபராதம் என்று சென்னைப் போலீஸ் 2022-இல் அறிவித்துவிட்டது. போதையில் இடித்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸும் கைவிரிக்கும்.

விருந்துக்குப் போகிறீர்களா? சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.