குறைந்தபட்சக் கூலியும் சிறு தொழில் நடத்துவோரும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



குறைந்தபட்சக் கூலியைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இந்தப் பொருளைத் தொழிற்சங்க மேடையில் பேசுவது எளிது. முதலாளிகள் சங்கத்தில் பேசுவதும் எளிது. கேட்போர் எந்தப் பக்கம் என்பது அங்கெல்லாம் முன்பே தெரிந்த செய்தி. இங்கே அப்படியன்று. மூன்று ஏக்கர் வைத்திருக்கும் உழவர் நடவுக்குப் பத்துப் பெண்களை அழைத்துக் கூலி கொடுக்கிறார். அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வாரக் கூலி வாங்குகிறான். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே வீட்டில் உண்டு உறங்குகிறார்கள். ஆதலால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட எனக்கு இங்கே வழியில்லை.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948ஆம் ஆண்டில் வந்தது. அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, பீடித் தொழில், தோல் பதனிடுதல், கல் உடைத்தல், சாலை போடுதல் முதலியவற்றை ஓர் அட்டவணையில் எழுதி, விவசாயத்தை அதன் இரண்டாம் பகுதியாகச் சேர்த்தார்கள். 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. பழைய சட்டம் அட்டவணையில் கண்ட தொழில்களுக்கு மட்டுமே உரியது. புதியது அந்த வரம்பை நீக்கிவிட்டது. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று பிரிப்பதற்கும் அதில் இடமில்லை.

எவ்வளவு கொடுத்தால் அது குறைந்தபட்சம் ஆகும்? 1957இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு இதற்கு ஓர் அளவு வகுத்தது. உழைப்பவர் ஒருவர், அவரை நம்பியுள்ளோர் என மூன்று பங்கு உணவு, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, குடியிருக்க வாடகை, மொத்தக் கூலியில் விறகு, விளக்கு, சில்லறைச் செலவுகளுக்கென நூற்றுக்கு இருபது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை, திருமணம் ஆகியவற்றுக்கென நூற்றுக்கு இருபத்தைந்து சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பின்னாளில் கூறிற்று. இதில் ஆடம்பரம் எது என்று தேடிப் பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை.

இனி மறுப்பைக் கேட்போம். ‘ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலைக்கு இது சரி. நான்கு பேரை வைத்துச் செக்கு ஓட்டுபவனும், ஒரு செங்கல் சூளை போட்டிருப்பவனும் இதே கூலியைக் கொடுத்தால் கடையைச் சாத்திவிட்டு அவர்களோடு சேர்ந்து கூலிக்குப் போக வேண்டியதுதான்’ என்கிறார்கள். இந்தப் பேச்சைச் சூழ்ச்சி என்று ஒதுக்குவோர் சூளையின் கணக்கைப் பார்க்காதவர்கள். பெரிய ஆலையில் செலவின் பெரும்பகுதி மூலப்பொருளுக்கும் யந்திரத்துக்கும் மின்சாரத்துக்கும் போகிறது. பீடி, செங்கல், நெசவு போன்ற சிறு தொழிலில் கூலியே பெருஞ்செலவு. பெரியவருக்குப் பாங்கி கடன் கொடுக்கிறது. சிறியவர் வட்டிக்கடைக்குப் போகிறார். ஆகவே நாளொன்றுக்கு இருபது ரூபாய் கூலி ஏறினால் இருவருக்கும் ஒரே அளவில் வலிக்காது.

இதே வாதம் நீதிமன்றமும் ஏறியது. கேரள அரசாங்கம் ஓட்டுத் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது, ஓட்டுச் சாலை உரிமையாளர்கள், தங்கள் சக்தியைக் கருதாமல் கூலி நிர்ணயித்தது செல்லாது என்று வழக்கிட்டார்கள். 1961இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குறைந்தபட்சக் கூலிக்கு மேற்பட்ட நியாயக் கூலியைப் பேசும்போது தொழிலின் சக்தியைப் பார்க்கலாம். அடிப்படைக் கூலியில் அதைப் பார்ப்பதற்கில்லை என்பது தீர்ப்பின் சாரம். அடிப்படைக் கூலிகூடக் கொடுக்க இயலாத தொழிலுக்கு நீடித்திருக்க உரிமை இல்லை என்று அதற்கு முன்பே, 1958இல், வேறொரு வழக்கில் அந்த நீதிமன்றம் கூறியிருந்தது. சட்டத்தின் நிலை தெளிவானதுதான். ஆனால் தீர்ப்பு வந்ததனால் சூளைக்காரரின் பெட்டியில் பணம் வந்து விழுந்துவிடாது. அந்தப் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

உழவர்களாகிய உங்களுக்குத் தெரிந்த வழியிலேயே இதற்கு விடை தேடலாம். அறுவடைக் காலத்தில் வியாபாரி களத்துக்கு வருகிறார். நெல் ஈரமாக இருக்கிறது, வானம் இருட்டுகிறது, கூட்டுறவுச் சங்கத்துக் கடன் தவணை நெருங்குகிறது. வியாபாரிக்கு அவசரமில்லை. உங்களுக்கு உண்டு. அவர் சொன்ன விலைக்கு அளந்துவிடுகிறீர்கள். இந்த நிலைக்கு மாற்றாகத்தான் 1965இல் விவசாய விலைக் குழுவும் இந்திய உணவுக் கழகமும் தோன்றின. கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. 2025–26ஆம் பருவத்துக்குச் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசாங்கம் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் ஆதார விலை அறிவித்தது. இது போதாது என்று நீங்கள் கேட்டீர்கள், கேட்டது நியாயம். ‘வியாபாரிக்குக் கட்டுப்படி ஆகாதே’ என்று எந்த உழவரும் ஆதார விலையை வேண்டாமென்றதாக நான் கேள்விப்படவில்லை.

உழைப்பை விற்பவரின் நிலை இதைவிடக் கடினமானது. நெல்லையாவது உலர்த்திக் குதிரில் நான்கு மாதம் வைத்திருக்கலாம். இன்று விலைபோகாத ஒரு நாள் உழைப்பை நாளைக்கு வைத்திருந்து விற்க முடியாது; பொழுது சாய்ந்தால் அது போயிற்று. காத்திருக்க முடியாதவர் காத்திருக்கக் கூடியவரோடு பேரம் பேசும்போது, இதற்குக் கீழே போகாதே என்று மூன்றாவது ஆள் ஒரு கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது. நெல்லுக்கு நாம் கேட்ட கோடும் உழைப்பாளி கேட்கும் கோடும் ஒன்றுதான்.

அந்தக் கோடு இல்லாத காலத்தில் என்ன நேர்ந்தது என்பதை இந்த நாடு மறக்கலாகாது. கீழைத் தஞ்சையில் கூலி நெல்லைப் பற்றிய தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். அதன் பின்னரே கணபதியா பிள்ளை விசாரணைக் குழு அமர்ந்தது; 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. பேச்சு தொடங்கியதோ சில படி நெல்லில்!

தொழில் நடத்துவோருக்கு வருகிறேன். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தறியும் கொட்டகையும் அவர்களுடையவை. பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பவை. நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். அதிலிருந்து தம் ஆட்களுக்குக் கூலி கொடுக்கிறார்கள். 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஏறத்தாழ ஒரு மாத காலம் தறிகளை நிறுத்திவிட்டு அவர்கள் போராடினார்கள். மின்கட்டணமும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியிருக்க, நெசவுக் கூலி ஏறவில்லை என்பது அவர்கள் குறை. அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. பேசி முடித்த கூலியைப் பிறகு குறைக்காதபடி சட்டப் பாதுகாப்புடன் கூடிய ஒப்பந்தம் வேண்டும் என்றார்கள். பார்த்தீர்களா? தம் ஆட்களைப் பொறுத்தமட்டில் முதலாளியாக நிற்பவர், தமக்கு மேலிருப்பவரைப் பார்த்துக் குறைந்தபட்சக் கூலிதான் கேட்கிறார். அவருக்கு அது கிடைக்காதவரை, அவர் தம் ஆட்களுக்குக் கொடுப்பதற்கும் கையில் இருக்காது. கீழேயுள்ளவர் கூலியைக் குறைத்து மேலேயுள்ளவர் விலையைத் தாங்கிக்கொள்வதைத்தான் நாம் இத்தனை காலம் சிக்கனம் என்று அழைத்து வந்திருக்கிறோம்.

கூலி ஏறினால் வேலை ஊரை விட்டுப் போய்விடும் என்ற அச்சமும் வெறும் பூச்சாண்டி அன்று. பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென 1966இல் வந்த சட்டத்தைக் கேரள அரசாங்கம் நடைமுறைப்படுத்த முற்பட்டபோது, மங்களூர் பீடி முதலாளிகள் 1968இல் கண்ணூர்ப் பகுதிக் கிளைகளை மூடிவிட்டுப் போனார்கள். பல்லாயிரம் பேர் ஒரே மூச்சில் வேலையிழந்தார்கள். சட்டத்தை ஆதரிப்போர் இந்த நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மறுவருஷமே தொழிலாளர்கள் கூட்டுறவு முறையில் தினேஷ் பீடியைத் தொடங்கி, சட்டம் சொன்ன சலுகைகளையும் கொடுத்து, பல்லாயிரம் பேருக்கு வேலையும் கொடுத்தார்கள். பிற்காலத்தில் பீடிப் புகைப்போர் குறையவே குடை, உணவுப் பண்டங்கள், ஆடைகள் என்று வேறு தொழில்களுக்கும் திரும்பினார்கள். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரு தினேஷ் பீடி வாய்க்காது. வேலை ஓடியதற்குக் காரணம், ஆற்றுக்கு இக்கரையில் ஒரு கூலியும் அக்கரையில் வேறு கூலியும் இருந்ததுதான். எந்த மாநிலமும் கீழே போகக் கூடாத ஓர் அடிமட்டக் கூலியை மத்திய அரசாங்கம் நிர்ணயிக்க வேண்டும் என்று புதிய சட்டத் தொகுப்பில் எழுதியிருப்பது இதற்காகவே. அந்த அளவு மிகத் தாழ்ந்திருந்தால் எழுதியும் பயனில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிறியவர் என்று சொல்லிக்கொள்வோர் எல்லாரும் சிறியவர் அல்லர். பெரிய வியாபாரி தம் வேலையைப் பத்து ஒப்பந்தக்காரருக்குப் பிரித்துக் கொடுத்து, அவர்கள் நூறு வீட்டுத் திண்ணைகளுக்கு இலையையும் தூளையும் அனுப்பிவிட்டால், தேடிப் பார்த்தாலும் முதலாளி அகப்படமாட்டார். நான்கு பேரோடு தாமும் நின்று செக்கு ஓட்டுபவரையும் இவரையும் ஒரே தட்டில் வைத்துப் பரிதாபப்படுவது சரியன்று. உண்மையிலேயே சிறியவருக்கு வேண்டியது குறைந்த வட்டிக் கடனும், காலத்தில் வந்து சேரும் விலைப் பணமும். சரக்கை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் பணம் கொடாதவர்கள் அவரை அழிப்பதுபோல, நூற்றுக்கு ஐந்து ஏறும் கூலி அழிப்பதில்லை. மேலும், ஒழுங்காகக் கூலி கொடுக்கும் சூளைக்காரரைத் தோற்கடிப்பவர் தொழிலாளி அல்லர். பாதிக் கூலியில் ஆள் வைத்து ஆயிரம் கல்லுக்கு நூறு ரூபாய் குறைத்து விற்கும் அடுத்த சூளைக்காரர். சட்டம் இருவரையும் ஒன்றாகக் கட்டினால் முதலாமவர் பிழைத்துக்கொள்வார். ஒருவரைக் கட்டி மற்றவரைக் கண்டும் காணாமல் விடும் நிலையைத்தான் அவர் அஞ்ச வேண்டும்.

உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஊராட்சியும் ஒரு சிறு முதலாளியே. உள்ளாட்சி வேலை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது. விடியுமுன் மோட்டாரைப் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புபவரும், தெருவில் குப்பை வாரும் பெண்ணும் நம் ஆட்கள். ‘நிதி போதாது, ஏதோ அவர்களுக்கும் ஒரு பிழைப்பு’ என்று சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. இராஜஸ்தானத்தில் பஞ்ச நிவாரணத்துக்காகச் சாலை போட்டபோது அந்த அரசாங்கமும் இதையே சொல்லிற்று. நிவாரண வேலைக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தா என்று விலக்கும் வைத்திருந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்து வேலை வாங்குவது அரசியல் சாசனம் தடுத்துள்ள கட்டாய உழைப்பாகும் என்று 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டு வேலைகள் பற்றிய வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், 1983இல் இராஜஸ்தான வழக்கிலும் அதையே உறுதி செய்தது. பசித்தவன் ஒப்புக்கொண்டான் என்பதை ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்பது அதன் கருத்து.

ஆகவே ஒப்பந்தப் புள்ளிகளைத் திறக்கும்போது, மதிப்பீட்டுக்கு நூற்றுக்கு இருபது குறைத்து எழுதியிருக்கும் உறையைக் கண்டு மகிழ்வதற்கு முன் ஒப்பந்தக்காரரை அழைத்துக் கேளுங்கள்: சிமெண்டு விலை எல்லாருக்கும் ஒன்று, ஜல்லி விலையும் ஒன்று, இருபது எங்கே குறைகிறது? கல் சுமக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அரசாங்கம் வெளியிடும் கூலி விகிதத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, வரி பாக்கிப் பட்டியலை ஒட்டும் அதே பலகையில் ஒட்டுங்கள். அடுத்த கிராம சபையில் யாராவது எழுந்து அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் முதலில் தலைவர்தான்.