பாவனைச் சோதனையும் பலதரப்பட்ட மாணவரும்



திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தில் வண்டி வரும் செய்தியை இரு வழிகளில் அறிவிக்கின்றனர். பலகையில் எழுத்தாகக் காட்டுகின்றனர். ஒலிபெருக்கியிற் பல மொழிகளிற் கூறுகின்றனர். பார்வையற்றவர் கேட்டறிகிறார், செவி கேளாதவர் பார்த்தறிகிறார். இரசாயனப் பாடமும் இவ்வாறு எல்லோரையும் ஏற்றிச் செல்லுதல் வேண்டும்.

கேரள அரசின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தோன்றி, 2017இல் கைட் என்னும் நிறுவனமாயிற்று. அதன் முயற்சியால் அரசுப் பள்ளி வகுப்பறைகளிற் கணிப்பொறி இடம்பெற்றது. இனி அத்திரையில் எதைக் காட்டுவது என்பதே கேள்வி.

கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூறுகளைத் திரையில் இயக்கிக் காட்டுவது பாவனைச் சோதனை. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் என்னும் திட்டம் இத்துறையிற் பெயர் பெற்றது. அதில் வாயு நிறைந்த பெட்டி ஒன்று உண்டு. வெப்பநிலையை மாற்றாமற் பெட்டியைச் சுருக்கினால், மூலக்கூறுகள் சுவரில் அடிக்கடி மோதுகின்றன, அழுத்தம் உயர்கிறது. மாணவன் தன் கையால் மாற்றுகிறான். காரணத்தையும் தானே காண்கிறான். வெறும் படம் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

உதாரணங்களும் மாணவனுக்குப் பழகியவையாய் இருத்தல் வேண்டும். வினையில் எஞ்சும் பொருளை விளக்க, ஃபெட் ரொட்டித் துண்டுகளையும் பாலாடைக்கட்டியையும் அடுக்குகிறது. தம்பானூருக்கு அண்மையில், தமிழும் மலையாளமும் கலந்தொலிக்கும் சாலைக் கடைத்தெருப் பிள்ளைக்குத் தாம்பூலமே எளிது. ஒரு தாம்பூலத்துக்கு இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு என்று கொள்வோம். ஏழு வெற்றிலையும் நான்கு பாக்கும் இருந்தால் மூன்று தாம்பூலங்கள் ஆகும். ஒவ்வொன்றில் ஒன்று எஞ்சும். இரு ஹைட்ரஜன் மூலக்கூறுகளோடு ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு சேர்ந்து நீராகும் கணக்கும் இவ்வகையதே.

பார்வையற்ற மாணவர் என் செய்வார்? சுட்டியால் இழுக்க வேண்டியதை விசைப்பலகையாலும் இயக்கும்படி அமைக்கலாம். திரையில் நிகழ்வதை ஒலியாலும் சொல்லாலும் உணர்த்தலாம். ஃபெட் சோதனைகள் சிலவற்றில் இவ்வசதிகள் உள்ளன. நிறக்குருடு உடையவருக்காக, அமிலத்தையும் காரத்தையும் நிறத்தால் மட்டுமன்றி எண்ணாலும் காட்டுதல் வேண்டும். இவற்றைப் பின்னர் ஒட்டுவது கடினம். முதலிலேயே திட்டமிடுவது எளிது.

எனினும், அமோனியாவின் நெடியைத் திரை தராது. சூடான சோதனைக்குழாயைப் பிடிக்கும் எச்சரிக்கையையும் கற்பிக்காது. பாவனை ஆய்வுக்கூடத்துக்கு வழிகாட்டியே, அதற்கு மாற்றன்று. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிக்குக் கணிப்பொறியை மட்டும் கொடுத்துக் கடமை முடிந்தது என்று இருத்தலாகாது. இரண்டும் வேண்டும், இரண்டும் எல்லோர்க்கும் வேண்டும்.